நாச்சிமுத்துவின் நிகராளி

ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத் துணை தனக்கு ரொம்ப அதிகம், மூன்றரை மணி நேரமே தாராளம் என்று நாச்சிமுத்து அரசாங்கத்திடம் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னது அவருக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. தபாலில் வந்தது. கூடவே கெட்டி அட்டையில், தங்க ஓரம் போட்டு, ஒரு பாராட்டுப் பத்திரம்: ‘பிறர் நலம் கருதித் தம் துணைநேரத்தை விட்டுக்கொடுத்த பெருந்தகைக்கு.’

லக்கன் அதை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடிக்க ஆள் வேண்டும். நாச்சிமுத்துவுக்குக் கழுத்துக்குக் கீழே வேலை செய்வது வலது கையில் இரண்டு விரல்கள் மட்டுமே. அவை சக்கர நாற்காலியின் விசையை நகர்த்தும்; மூக்கு அரித்தால் உதவாது.

“பெருந்தகையாமாண்ணா.”

“இன்னொருக்காப் படிடா. எங்கய்யன் சாகற வரைக்கும் என்னைத் தறுதலைன்னுதான் கூப்பிட்டாரு. கவர்மெண்டுக்காச்சும் என்ற அருமை தெரிஞ்சுதே.”

லக்கன் சிரிக்கவில்லை. “மூணரை மணி நேரச் சம்பளத்துல நான் எப்பிடிண்ணா இங்க இருக்கறது?”

அப்போதுதான் நாச்சிமுத்துவும் சிரிப்பை நிறுத்தினார்.

உடுமலைக்குத் தெற்கே காற்றாடிகள் நிற்கும் காட்டில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர் அவர். எண்பது மீட்டர் உயரக் கோபுரத்தில் தினமும் ஏறி, உச்சியில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டு, இறங்கி வருவார். ஒரு கீறல் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க ஏறி, ஒன்பதடியிலிருந்து விழுந்தார். ஊரில் யாராவது விசாரித்தால் ‘காத்தாடியிலிருந்து’ என்றே சொல்லிவந்தார். ஒன்பதடிக்கு யார் மரியாதை தருவார்கள்?

அவர் பெயரில் அரசாங்கம் வருஷத்துக்கு இவ்வளவு என்று துணைநிதி ஒதுக்கியிருந்தது. அதைக் கையாள மூன்று வழி உண்டு என்று சொல்லி விருப்பம் கேட்டார்கள். முதலாவது சுயவழி: ஆளைத் தானே பிடித்து, வாராவாரம் நாற்பத்திரண்டு கட்டம் கொண்ட படிவத்தை நிரப்பி, ஏன் குளித்தோம், ஏன் வெளியே போனோம் என்று காரணம் சொல்ல வேண்டும். இரண்டு விரலால் ஆகிற காரியமா? இரண்டாவது உறவுவழி. பெருந்துறையில் இருக்கும் அக்கா அமிர்தவல்லி, “நான் பாத்துக்கறன்டா தம்பி” என்று போனில் சொல்லத்தான் செய்தாள். “உனக்கெதுக்கக்கா வீண் சிரமம்” என்றார் இவர். “அப்பறம் உன்ற இஷ்டம்” என்று அவள் போனை வைத்த வேகத்தில் ஒரு நிம்மதி கேட்டது. அவளும் மரியாதைக்குக் கேட்டாள், இவரும் மரியாதைக்கு மறுத்தார். மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லாத குடும்பம்.

மூன்றாவது வழிதான் நிகராளி. சட்டைக் காலரில் பொத்தான் அளவில் ஒரு காது. தொண்ணூறு நாள் அது உங்கள் பேச்சைக் கேட்கும். எதைக் கேட்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், எப்படிச் சொல்கிறீர்கள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு இன்னொரு நீங்களாக ஆகிவிடும். அதன்பிறகு வருஷாந்திரத் தேவைப் பேச்சு நடக்கும்போது துறையின் இயந்திரம் கேள்வி கேட்கும். உங்கள் நிகராளி உங்கள் குரலிலேயே பதில் சொல்லும். படிவம் இல்லை, அலைச்சல் இல்லை. ‘உங்களைப் போலவே பேசுவார், உங்களைப் போலவே முடிவெடுப்பார்’ என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தது. அதில் பொய்யே இல்லை என்பதுதான் கஷ்டம்.

பேச்சு நாலு விநாடியில் முடிந்திருந்தது. பதிவை நிதானமாக ஓடவிட்டு இருவரும் கேட்டார்கள்.

‘தினமும் குளிக்க வைக்க ஆள் வேண்டுமா?’

‘தெனமும் எதுக்குங்க? நானென்ன மாப்பிள்ளையா, மணவறையிலயா உக்காரப் போறேன்?’

‘பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பை நகர்த்தி வைக்க?’

‘இருக்கட்டுமுங்க, அந்தப் பையனும் பாவம், சித்த உக்காரட்டும்.’

‘வெளியே அழைத்துச் செல்ல?’

‘நம்மளைப் பாக்கோணும்னு ஊருல யாருங்க அழுகறாங்க?’

ஒவ்வொன்றும் அவர் குரல். ஒவ்வொன்றும் அவர் எப்போதோ, யாரிடமோ சொன்னது. பாதிப் பதிவில் அவரே தன் நகைச்சுவைக்கு லேசாகச் சிரித்துவிட்டார். லக்கன் முறைத்தான்.

லக்கனுக்கு இந்த வியாதி புரிய நாலு நாள் ஆகியிருந்தது. ஜார்க்கண்டிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்து, கம்பெனி மூடி, துணையாள் வேலைக்கு மாறியவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், “டீ வேணுமாண்ணா?” என்று கேட்டான். “வேண்டாம்டா” என்றார். சரி என்று இரண்டு டம்ளரையும் அவனே குடித்தான். இரண்டாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா எட்டிப் பார்த்தபோது நாச்சிமுத்து வாடிய கீரை மாதிரி கிடந்தார்.

“அட சாமி, இவுங்களை மூணு தடவை கேக்கோணும்டா” என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். “மொதத் தடவை மரியாதைக்கு. ரெண்டாந் தடவை நீ நெசமாத்தான் கேக்கறியான்னு பாக்க. மூணாந் தடவை சொல்றதுதான் பதிலு.”

அதை அவன் கற்றுக்கொண்டான். இயந்திரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்றரை மணி நேரம் என்றால் காலையில் ஒருவன் வந்து துடைத்து நாற்காலியில் வைப்பான். சாயங்காலம் ஒருவன் வந்து படுக்கையில் போடுவான். படுக்கையில் காற்று மெத்தை தானே புரட்டிக்கொள்ளும். நடுவில் பகல் முழுக்க நாற்காலியில் அசையாமல். இரண்டு மாதத்தில் புண் வரும், புண்ணுக்குப் பின்னால் எது வரும் என்பது அவர்கள் இருவருக்குமே தெரியும். அதைவிட, எவனோ இருவர் வருவார்கள், லக்கன் வரமாட்டான். மனுப் போடுவது என்று முடிவாயிற்று.

விசாரணைக்கு முன்னால் பத்து நாள் ஒத்திகை.

“குளிக்கணுமாண்ணா?”

“வேணுமுங்க, உங்களுக்குச் சிரமமில்லீன்னா...”

“வால் வேண்டாம். வேணும், அவ்வளவுதான்.”

“வேணும்... ஹிஹி.”

“சிரிப்பும் வேண்டாம்.”

“சிரிக்காம கேட்டா பிச்சை எடுக்கற மாதிரி இருக்குதுடா.”

“சிரிச்சிட்டே கேட்டா கொடுக்க மாட்டாங்கண்ணா.”

திருப்பூர் அலுவலகத்தில் சாய்தளம் இருந்தது. அதன்மேல் நாலு பைக்குகளும் இருந்தன. லக்கன் ஒவ்வொன்றாக நகர்த்தி வழி பண்ணினான். காலையிலிருந்து நாச்சிமுத்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. மூத்திரப் பை நிறைந்தால் அந்தக் கட்டடத்தில் அதைக் காலி பண்ண இடம் கிடையாது.

மறுஆய்வு அலுவலர் பூங்கொடி நாற்பது வயதுக்காரி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசை முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்தார்.

“நிகராளி தப்பாப் பேசிருச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது பொய் சொல்லுச்சுங்களா?”

“இல்லீங்க. நான் சொல்றதைத்தான் சொல்லியிருக்குது. அதுதானுங்க தப்பு.”

பூங்கொடி தேடுவதை நிறுத்தினார். “எனக்குப் புரியுதுங்க. ஆனா இதை வெச்சு ஆர்டர் போட முடியாது. ஒரே வழிதான். நீங்க வேற, அது வேறன்னு காட்டோணும். இருபது கேள்வி கேப்பேன். அதே கேள்வி அதுக்கும் போகும். பதில் ஒத்துப்போகலீன்னா அந்த மூணரை மணி நேர ஆர்டர் ரத்து. பேச்சு முழுக்கப் பதிவாகும், சரிங்களா?”

“சரி” என்றார் நாச்சிமுத்து. வால் இல்லாமல். லக்கன் பெருமையாக நிமிர்ந்தான்.

குளிக்க? வேணும். நகர்த்தி வைக்க? வேணும். சினிமாவுக்குப் போக? வேணும். மாதம் ஒருமுறை அக்கா வீட்டுக்கு? வேணும். பத்தொன்பது கேள்விக்கும் பத்தொன்பது ‘வேணும்’. திரையில் ஓர் எண் இறங்கிக்கொண்டே வந்தது: ‘ஒத்துப்போவது நூற்றுக்கு இரண்டு.’ லக்கன் அவர் தோளை அழுத்தினான். அது நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் டீத் தட்டோடு வந்தார். பூங்கொடி ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரும் செய்வதுபோல, நிமிர்ந்து கேட்டார்:

“டீ சாப்புடறீங்களா?”

“அய்யோ, வேண்டாமுங்க! இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தோம்.”

லக்கன் கண்ணை மூடிக்கொண்டான். பூங்கொடியின் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. என்ன ஆயிற்று என்று நாச்சிமுத்துவுக்கு மட்டும் உடனே விளங்கவில்லை. திரையைப் பார்த்தபிறகு விளங்கியது. ‘இயல்பான பதில்: ஒன்று. அது முழுமையாக ஒத்துப்போகிறது. மற்ற பத்தொன்பதும் பயிற்சி பெற்ற பதில்கள், தள்ளப்படுகின்றன.’

“மேடம், அது கேள்வியே இல்லைங்க, அது டீங்க” என்றான் லக்கன். “இன்னும் ரெண்டு தடவை கேளுங்க, அவர் குடிப்பாருங்க.”

“எனக்குத் தெரியாதுங்களா?” என்றார் பூங்கொடி. “எங்க வீட்டுலயும் பெருந்தகை அட்டை ஒண்ணு மாட்டியிருக்குது. எங்கப்பாவோடது. நம்ம நாலு ஜில்லாலதான் துணைநிதி ஏகத்துக்கும் மிச்சமாம். மரியாதைக்கார ஊருல திட்டம் நல்லாப் போகுதுன்னு மேல கைதட்டறாங்க. மெஷினுக்கு ஒரு தடவைதானுங்க கேக்கத் தெரியும். மொதப் பதிலை எடுத்துட்டுப் போயிருச்சு.”

பிறகு டம்ளரை நாச்சிமுத்து பக்கம் நகர்த்தினார். “நீங்க குடிங்க. இனிமே என்ன.”

லக்கன் பிடித்துக்கொள்ள, நாச்சிமுத்து குடித்தார். ஒன்பது மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய டீ. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அதை அவர் சொல்லவில்லை.

“மறுகற்றல்னு ஒண்ணு இருக்குதுங்க” என்றார் பூங்கொடி, குரலைத் தணித்து. “பழைய நிகராளியை அழிச்சுட்டு மறுபடி தொண்ணூறு நாள் கேக்க விடறது. காலர்ல இருந்து கழட்டுனா மொதல்ல இருந்து எண்ணும். அந்தத் தொண்ணூறு நாளும் நீங்க கேக்கற ஆளா இருக்கோணும். தூங்கி முழிச்சதுல இருந்து. டீக்குக்கூட.”

லக்கன் தளி ரோட்டில் ஒரு பெரியவர் வீட்டில் அரைநாள் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். மீதி அரைநாள் இங்கே. சம்பளம் மூன்றரை மணி நேரத்துக்கு, மிச்சம் ஓசி. “தொண்ணூறு நாள்தானேண்ணா, ஓடிரும்” என்றான்.

காலரில் பொத்தான் ஏறியது. அதற்குக் காது உண்டு, கண் கிடையாது. அதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சந்து.

“தண்ணி கொண்டாடா!” என்று அதட்டுவார் நாச்சிமுத்து. அதட்டிவிட்டுக் கண்ணைச் சிமிட்டுவார். லக்கன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, “இதோ சார்!” என்று ஓடுவான். “தலைகாணி சரியில்லை, மறுபடி வை!” சிமிட்டல். “காலு கோணலா இருக்குது, கண்ணு தெரியலியா?” சிமிட்டல். முதல் மாதம் நாடகக் கொட்டகை மாதிரி இருந்தது வீடு. இவ்வளவு சிரித்து வெகு நாளாயிற்று, சத்தம் வராமல்.

பாப்பாத்தியக்கா சந்தகை கொண்டுவந்தாள். “சித்த சாப்புடறயா, கண்ணு?”

“வேணும். இன்னுங் கொஞ்சம் போடுங்க. தேங்காப்பாலு பத்தலை.”

அவள் கரண்டியோடு திகைத்து நின்றாள். லக்கன் வாசலுக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னான். “புரியுதுடா. புரிஞ்சாலும் காதுல விழுந்தது விழுந்ததுதானே” என்றாள். அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த வாரம் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதை நாச்சிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. கேட்பதில் ஒரு ருசி இருந்தது. எட்டு வருஷமாக அவருக்கு வேண்டியதெல்லாம் தொண்டைக்குள் வரிசையில் நின்றிருந்தன போல. ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மெத்தை விரிப்பை மாற்றச் சொன்னார். சாதம் ஆறிவிட்டது, சூடாக்கு என்றார். எல்லாம் நியாயமான தேவைதான். கேட்டால் கிடைத்தது. கிடைத்தபின் அடுத்தது ஞாபகம் வந்தது. ஜோக்குச் சொல்லி நேரத்தை ஓட்ட வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

கண் சிமிட்டுவது எந்த நாளில் நின்றது என்று இருவருக்கும் தெரியாது.

எழுபதாம் நாளை ஒட்டி ஒரு மத்தியானம் லக்கன் இருபது நிமிஷம் பிந்தி வந்தான். தளி ரோட்டுப் பெரியவர் குளியலறையில் விழுந்துவிட்டார். தூக்கி, ஆஸ்பத்திரியில் காட்டி, சட்டையில் ரத்தக் கறையோடு ஓடி வந்திருந்தான்.

“காசு வாங்கறவனுக்கு நேரத்துக்கு வரத் தெரிய வேண்டாமா?” என்றார் நாச்சிமுத்து. “இங்க ஒருத்தன் காலையில இருந்து கெடந்து சாகறான்.”

லக்கன் கதவருகே நின்று அவர் முகத்தைப் பார்த்தான். நாச்சிமுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன நிக்கறே? திருப்பி வை.”

“சரிங்க சார்” என்றான் லக்கன். திருப்பி வைத்தான்.

தொண்ணூறாம் நாள் பொத்தான் தானாகவே அணைந்தது. புது நிகராளி தேவைப் பேச்சுக்குப் போனது. இந்த முறை ஆறு விநாடி பிடித்தது. சண்டை போட்டிருக்கும். உத்தரவு வந்தது: ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம். பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் துணையாளை மேற்பார்க்கும் பொறுப்பும் நிகராளிக்கே என்று சொல்லி, சுவரில் காதும் வாயுமாக ஒரு சிறு ஒலிபெருக்கியும் மாட்டிவிட்டுப் போனார்கள்.

“லக்கா! பதினொண்ணுடா! பழைய ஒம்பதை விட ரெண்டு ஜாஸ்தி. இனி தளி ரோட்டுக்கெல்லாம் போக வேண்டாம்.”

லக்கன் கொடியிலிருந்து தன் துணிகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

“தளி ரோட்டுலயே முழுநாளும் வரச் சொல்லிட்டாங்கண்ணா. நான் சரின்னுட்டேன்.”

“அங்க எத்தனை மணி நேரம்?”

“எட்டு.”

“இங்க பதினொண்ணுடா, கிறுக்கா. பாவி, உனக்கோசரந்தானடா அத்தனை கத்தும் கத்துனேன். நடிப்புன்னு உனக்குத் தெரியாதா?”

“மொத மாசம் நடிச்சீங்கண்ணா. நல்ல தமாசா இருந்துச்சு.”

“அப்பறம்?”

லக்கன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். “அப்பறம் நல்லா வந்துருச்சுண்ணா.”

போவதற்கு முன்னால் அவர் இடுப்பைத் தூக்கிச் சரியாக உட்கார வைத்தான். மூத்திரப் பையைக் காலி செய்தான். மூக்கைத் துடைத்துவிட்டான். இடது குதிகாலில் ஒரு சிவப்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு சீட்டில் எழுதி, அடுத்து வருகிறவனுக்காகக் கண்ணாடியில் சொருகினான். கோபம் இருந்திருந்தால் இதெல்லாம் செய்திருக்க மாட்டான். அதுதான் நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து நிறுத்திவிடலாம் என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வெளிக்கேட்டின் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை ஜெகதீசன் வந்தான். முப்பது வயதிருக்கும். நீலச் சீருடை, சுத்தமான நகம், கை பதமாக இருந்தது. குதிகாலுக்கு மருந்து போட்டான். நுரை தடவி, முகம் மழிக்க ஆரம்பித்தான். வீட்டில் மழிக்கிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நாச்சிமுத்துவால் பொறுக்க முடியவில்லை.

“தம்பி, மீசையை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. இந்த உடம்புல இன்னும் ஒழுங்கா வேலைக்கு வர்ற ஆளு அது ஒண்ணுதான்.”

ஜெகதீசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, குலுங்கத் தொடங்கினான். சிரித்தால் நல்ல முகம். எதையோ பதிலுக்குச் சொல்லப் போனான்.

“ஷேவிங்குக்குப் பன்னெண்டு நிமிஷம்” என்றது சுவர். “பல்லைக் காட்டறதுக்கு இங்க யாரும் சம்பளம் கொடுக்கலை.”

ஜெகதீசன் சட்டென்று வாயை மூடினான். அவன் திரும்பியது சுவர்ப் பக்கம் அல்ல, நாச்சிமுத்து பக்கம்.

“சாரிங்க சார்.”

“நான் சொல்லலீங்க, தம்பி” என்றார் நாச்சிமுத்து. “அது நானில்லீங்க.”

“சரிங்க சார்” என்றான் ஜெகதீசன், முகத்தைப் பார்க்காமல். இரண்டும் ஒரே குரல், எதை நம்புவது? தாடையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, அடுத்த கன்னத்தை மழித்தான். ஒரு கீறல் இல்லாமல், பதினொரு நிமிஷத்தில் முடித்துவிட்டான்.